வெளிவர மறுக்கும் கூடு

ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைத்த டம்ளர்கள் இறுகிக்கொண்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் இழுத்துப் பார்ப்பதில்லை. உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் அமிழ்த்தி, அரை நிமிஷம் பொறுத்து ஒரு திருகு திருகுவார்கள். கழன்றுவிடும். இழுப்பதும் தரையில் தட்டுவதும் ஆண்பிள்ளைகளின் வேலை. அப்படித் தட்டி விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்றாவது எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கும். ரைஃபிளுக்குள் தோட்டாக்கூடு சிக்கிக்கொள்ளும் விஷயத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த நசுங்கிய டம்ளர்தான் ஞாபகத்தில் நின்றது.

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் உட்கார்ந்துகொண்டு வேட்டை ரைஃபிளைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். கோயிலும் குளமும் கச்சேரியுமாக இருக்கிற இடம். வெடிச்சத்தம் கேட்டால் அது ஏதாவது கோயில் வெடியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் 'சார்'. ஒரு கர்க்கடக மாத மழையில் விதுரா பக்கத்து விவசாயி ஒருவர் அவரைத் தேடி வந்தார். மரச்சீனித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது, பஞ்சாயத்து அனுமதியோடு சுடப் போன இடத்தில் துப்பாக்கி மாட்டிக்கொண்டது என்றார். துப்பாக்கியைக் கொண்டுவரவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திண்ணையில் பிரித்தார். உள்ளே இரண்டு பித்தளைத் துண்டுகள். ஒன்று முழுக் கூடு, மற்றொன்று அடிப்பாகம் மட்டும்.

சார் முழுக்கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அடியிலுள்ள விளிம்பில் ஒரு பல் கடித்த மாதிரி பித்தளை பெயர்ந்திருந்தது. உடம்பில் நீளவாக்கில் கீறல்கள். விரல் நகத்தை ஓட்டினால், ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்பட்டன, வெந்நீர் பட்ட தோலில் கொப்புளம் எழும்பியது போல. 

"இது காட்டுல மாட்டினது இல்ல கேட்டியளா. வீட்டுல, பீரோவுல வச்சே மாட்டியாச்சு. வெடிச்சப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சுது."

இந்த ஒரு கூற்றைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சரிபார்க்கப் போகிறேன். கூடு சிக்குவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எப்படி வெளியே எடுப்பது என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் பார்த்த அளவில் அது கதையின் கடைசிப் பக்கம்.

முதலில் உள்ளே நடப்பது. தோட்டா என்று நாம் சொல்வதில் நாலு பொருள் இருக்கிறது: முன்னே குண்டு, நடுவே மருந்து, அடியில் தட்டினால் பொறி விடும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. குழலின் பின்பக்கம் இந்தக் கூடு உட்காரும் குழிவுக்குச் சேம்பர் என்று பெயர். கூடு அதற்குள் தாராளமாக நுழையும் அளவில்தான் செய்யப்படுகிறது. சுட்டதும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு வினாடிக்குள் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. .30-06 போன்ற தோட்டாவில் அது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும், வளிமண்டல அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு. பித்தளை ஊதிப் புடைத்துச் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்வது குற்றமல்ல, அதன் வேலையே அதுதான். ஒட்டாவிட்டால் நெருப்பும் வாயுவும் பின்னால் பீறிட்டுச் சுடுகிறவன் முகத்துக்கு வரும். குண்டு குழலை விட்டதும் அழுத்தம் விழுகிறது, பித்தளை தன் மீள்விசையால் ஒரு மயிரிழை சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அந்த மயிரிழைதான் எல்லாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சேம்பர் எஃகும் அந்த நேரத்தில் கொஞ்சம் விரிகிறது, பிறகு சுருங்குகிறது. பித்தளை எஃகைவிட அதிகமாகச் சுருங்கினால் கூடு தளரும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் எஃகு அதிகம் விரிந்து, பித்தளையும் அதன் பின்னாலேயே போய், எஃகு திரும்பி வரும்போது கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பித்தளை இளகியதாக இருந்தாலும் இதே கதி, திரும்பும் தெம்பு அதற்கு இராது. அதனால்தான் கூடு முழுக்க ஒரே கடினத்தில் செய்யப்படுவதில்லை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டைப் படிப்படியாக இழுத்துக் குவளையாக்கி, அடிப்பாகத்தைக் கெட்டியாக விட்டு, கழுத்தை மட்டும் சூடுகாட்டி இளக்குகிறார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை அந்தச் சூட்டின் தடம். பழசாகிவிட்டதென்று அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

சிக்குவது என்று ஒரே சொல்லில் சொன்னாலும் நான்கு வெவ்வேறு சங்கடங்கள் அதற்குள் இருக்கின்றன. சுடாத தோட்டாவே உள்ளே இறுகிப்போவது ஒன்று. சுட்டபின், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி மேலே எழும்பாமல் நிற்பது இரண்டாவது. போல்ட் திறந்துவிடுகிறது, ஆனால் கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்க வேண்டிய கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், வழுக்கி விளிம்பைக் கடித்துத் துப்பிவிட்டுக் கூட்டை உள்ளேயே விட்டுவிடுகிறது. விவசாயியின் முதல் கூடு இந்த வகை. நான்காவதுதான் அவருடைய இரண்டாவது துண்டு: கூடு குறுக்காக அறுந்து அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து, முன்பாகம் குழாய் மாதிரி சேம்பருக்குள் தங்கிவிடுவது. இந்த நாலில் எது என்று தெரியாமல் கையை வைப்பவர்தான் துப்பாக்கியையோ தன்னையோ கெடுத்துக்கொள்கிறார்.

இந்தத் தொல்லைக்கு வரலாறு நிறையப் பாடம் வைத்திருக்கிறது, பெரும்பாலும் சாவுக் கணக்கில். 1885 ஜனவரி 17 அன்று சூடானில் அபு கிளியா என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் சண்டையின் நடுவில் அடைத்துக்கொண்டன. அந்தக் காலத்துத் தோட்டாக்கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. பாலைவனத்து மணலும் சூடும் சேர, தகடு கிழிந்து உள்ளே ஒட்டிக்கொண்டது. இழுத்துச் செய்த ஒரே துண்டுக் கூட்டின் மதிப்பு அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் படைக்கு நன்றாக உறைத்தது.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே கனடாப் படைக்கு நேர்ந்தது இன்னும் தெளிவான பாடம். அவர்கள் வைத்திருந்த ராஸ் ரைஃபிள் துல்லியத்துக்குப் பேர்போனது. அதன் சேம்பர் இறுக்கமானது, தோட்டாக்களோ அவசரத்தில் செய்யப்பட்டு அளவு முன்பின்னாக வந்த பிரிட்டிஷ் சரக்கு. போல்ட் நேராகப் பின்னால் இழுக்கும் வகை, திருகித் திறக்கும் வகை அல்ல. கூடு இறுகியதும் சிப்பாய்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறக்கப் பார்த்தார்கள். அந்தச் சண்டையில் பிழைத்த 5,000 பேரில் 1,452 பேர் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். மறு வருஷம் ராஸுக்கே விடை கொடுத்தாகிவிட்டது.

திருகுக்கும் இழுப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மாஸர், லீ-என்ஃபீல்ட் போன்ற திருகு போல்ட்டில் கைப்பிடியை மேலே தூக்கும்போது, அதன் அடி ஒரு சரிவின் மேல் ஏறி, போல்ட்டை ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளுகிறது. தூரம் கொஞ்சம், பலம் பன்மடங்கு, திருகாணியின் சூத்திரம்தான். கூடு சுவரை விட்டு விலக அந்த ஓரிரு மில்லிமீட்டர் போதும். இதைக் கெடுக்கிறவர்கள் சுடுகிறவர்களேதான். கைப்பிடி முழுக்க மேலே போகும்முன் பின்னால் இழுக்கத் தொடங்கினால் திருகின் பலம் வீணாகி, சுமை முழுவதும் கொக்கியின் மேல் விழும். முழுக்கத் தூக்கு, பிறகு இழு. சார் பயிற்சி கொடுத்த போலீஸ்காரர்களுக்கு இதை அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

வியட்நாமில் எம்-16 ரைஃபிளுக்கு 1960-களில் நடந்ததையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். அது தானியங்கி வகை, நம் விஷயத்துக்குச் சற்று வெளியே. ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்: ஈரக்காட்டில் குரோமியம் பூசாத சேம்பர் துருப்பிடித்தது, கூடு சிக்கியது. விதுராவுக்கும் அது பொருந்தும்.

இனி நம் ஊர்ப் பாடம். உலோகவியலில் 'பருவ வெடிப்பு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு நோய் உண்டு. பருவம் என்றால் மழைப்பருவம், அதுவும் இந்திய மழைப்பருவம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் தொடங்கியதும் படை ஓய்வுக்குப் போகும், தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டுப் பெட்டியைத் திறந்தால், ஒரு தடவையும் சுடாத தோட்டாக்களின் கூட்டில் விரிசல். வெயிலா, ஈரமா, தகடு மோசமா என்று வெகுகாலம் குழம்பினார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் முடிச்சை அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, இழுத்துச் செய்ததால் உள்ளுக்குள் விறைத்து நிற்கும் பித்தளையைப் பிளக்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. விறைப்பைத் தணிக்க மிதமான சூடு காட்டும் வழக்கம் இதனால்தான் வலுப்பட்டது.

விரிசல் விட்ட கூட்டைச் சுட்டால் வாயு கசியும், சில நேரம் முன்பாகம் பிய்ந்து உள்ளேயே தங்கும். இப்போது யார் லாயத்தில் தோட்டா வைக்கிறார்கள் என்று நான் கேட்டேன். சார் விவசாயியைப் பார்த்தார். விவசாயி, துப்பாக்கி வீட்டுக்குள் பீரோவில் என்றார், தோட்டா மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்டுத் தொழுவத்தின் பரணில். யாரும் சிரிக்கவில்லை.

அம்மோனியா வேறு வழியிலும் வரும். பெல்ட் கொக்கியும் பொத்தானும் மினுங்கப் போலீஸ்காரர்கள் தேய்க்கும் பிராசோவில் அது உண்டு. தோட்டா கருத்துவிட்டதென்று பிராசோ போடுவதும், பித்தளைச் செம்பு மாதிரி புளி போட்டுத் தேய்ப்பதும் இரண்டுமே தப்பு. தோல் பெல்ட்டில் தோட்டாவைச் செருகி மாதக்கணக்கில் தொங்கவிடுவது அதைவிடத் தப்பு. படத்தில் வேட்டைக்காரன் அப்படித்தான் வருவான். ஆனால் தோலைப் பதப்படுத்தும் அமிலம் பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பு உண்டாக்கும். களிம்பேறிய தோட்டாவை அழுத்திச் சேம்பரில் ஏற்றினால் சுடாமலே இறுகிக்கொள்ளும். நாலு வகையில் முதல் வகை, ஆபத்தில் முதல்.

வேட்டைக்கார உலகம் இந்தச் சூட்டையும் ஈரத்தையும் எப்படிச் சமாளித்தது என்பது தனிக்கதை. பிரிட்டிஷ் தோட்டாக்களில் அடைத்த மருந்து கார்டைட், கயிறு கயிறாக நூடுல்ஸ் போல இருக்கும். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அரவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட தொழிற்சாலைக்கு இன்றும் அந்தப் பெயர்தான். கார்டைட்டுக்கு ஒரு கெட்ட குணம்: வெயிலில் கிடந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும். லண்டனில் சோதித்துப் பார்த்துச் சரி என்ற தோட்டா, சித்திரை வெயிலில் பாறைமேல் கிடந்தபின் போல்ட்டைத் திறக்கவிடாது. எதிரே யானையோ புலியோ நிற்கும்போது இது வேடிக்கையல்ல. அதனால் ஆசிய, ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் செய்தவர்கள் வேண்டுமென்றே கூட்டைப் பெரிதாக்கி, அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பி இப்படிப் பிறந்தது. 1912-இன் .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு கூட்டை நல்ல சரிவாக, அடி அகன்று நுனி ஒடுங்கியதாகச் செய்தார்கள். சரிவான கூடு கொஞ்சம் நகர்ந்தாலே சுவரை முழுக்க விட்டுவிடும். நேர்ச்சுவர்க் கூடு கடைசி அங்குலம்வரை உரசிக்கொண்டே வரும். பணமுள்ளவர்கள் இரட்டைக்குழல் ரைஃபிளை வைத்துக்கொண்டார்கள். ஒரு குழலில் கூடு சிக்கினாலும் மற்றது தனித் துப்பாக்கியாக நிற்கும்.

இன்று இந்தியாவில் உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருப்பவரிடம் இவை எதுவும் இருக்காது. பெரும்பாலும் .315 தான் இருக்கும். அது இங்கே வந்த விதம் எனக்குப் பிடித்த பகுதி. ராணுவத் தோட்டா திருட்டுப் போய்க் கலகக்காரர் கைக்குச் சேரும் என்று பயந்த வெள்ளை அரசு, ராணுவம் பயன்படுத்தும் அளவுகளைச் சாதாரண மக்களுக்குத் தடை செய்தது. .450 தடையானதும் லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .470, .465 என்று சில புள்ளிகள் தள்ளிப் புதுத் தோட்டா செய்து விற்றார்கள். .303-உம் அதே தடையில் சிக்கியது. அதற்குப் பதிலாக ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் மான்லிக்கர் தோட்டா, 8 மில்லிமீட்டர் வாயும் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, .315 என்ற இங்கிலீஷ் பெயரில் இங்கே குடியேறியது. அதைத் தயாரித்த சாம்ராஜ்யம் 1918-இல் காணாமல் போனது. தோட்டா மட்டும் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்யும் ரைஃபிளில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ரைஃபிளின் போல்ட் அமைப்பு லீ-என்ஃபீல்டின் வாரிசு.

என் கருத்தில் இந்தத் தடை தெரியாமல் ஒரு நன்மை செய்தது. .315 கூடு சரிவுள்ளது, அழுத்தம் மிதமானது, அடியில் அகன்ற விளிம்பு உள்ளதால் கொக்கிக்குப் பிடி கெட்டி. கூடு எளிதில் வெளியே வர வேண்டும் என்று ஒரு தச்சனிடம் சொல்லிச் செய்யச் சொன்னால் இப்படித்தான் செய்வான். அப்படியும் அது சிக்குகிறதென்றால் குற்றத்தைத் தோட்டாவின் வடிவில் தேடிப் பயனில்லை.

தேட வேண்டிய இடம் சேம்பர் சுவர். திருவனந்தபுரத்துக்கு எடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. வருஷத்தில் பாதி காற்றே ஈரம். பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது விட்டுவைக்கும் உப்பு, நம் சமையலறை உப்புஜாடி மழைக்காலத்தில் நீர்விடுவது போலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே பூசி மூடத்தான் செய்யும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றியதன் பொருள் இதுதான். தண்ணீரை ஊற்றினால் துரு வருமே என்று பயந்து எண்ணெய் மட்டும் போட்டவர்களின் துப்பாக்கிதான் முதலில் துருவேறியது. கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போய், குழலின் சூட்டிலேயே உலர்ந்தும் விடும். பிறகுதான் எண்ணெய்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் துப்பாக்கிப் புத்தகத்தில் எழுதுவதில்லை. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வதுண்டு. நாடாளுமன்றம், சட்டசபை, பஞ்சாயத்து என்று முறை வைத்து வரும். வாரக்கணக்கில் துப்பாக்கி ஒரு மூலையில் நிற்கும். கொண்டுபோகிற அவசரத்தில் வெளியே மட்டும் துடைத்துக் கொடுத்திருப்பார்கள், திரும்பி வந்ததும் வெளியே மட்டும் துடைத்து வைப்பார்கள். குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர் உண்டு. சேம்பருக்குள் பார்ப்பவர் இல்லை, அது பின்பக்கம் இருட்டில் இருக்கிறது. அங்கே துரு ஊசிமுனை ஊசிமுனையாகக் குழி பறிக்கும். சுடும்போது பித்தளை அந்தக் குழிகளுக்குள் பிதுங்கி நிரம்பும். பிறகு அது வழுவழுப்பான சுவரில் உட்கார்ந்த கூடு அல்ல, ஆயிரம் பல்லால் கடித்துக்கொண்ட கூடு. விவசாயியின் கூட்டில் நகத்துக்குத் தட்டுப்பட்ட மேடுகள் அந்தக் குழிகளின் அச்சு. பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்தால் குழிகளே தெரியும் என்றார் சார்.

அறுந்த துண்டுக்குக் காரணம் வேறு. லீ வகை போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வது. சுடும்போது மொத்த அமைப்பும் சற்று விரிந்து கொடுக்கும். போல்ட் முகத்துக்கும் கூட்டின் விளிம்புக்கும் இடைவெளி தேய்மானத்தில் கூடியிருந்தால், கூட்டின் முன்பாகம் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்க, அடிப்பாகம் பின்னால் இழுபடும். விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே பித்தளை மெலிந்து, வெளியே பளபளவென்று ஒரு வளையம் தோன்றும். அதுதான் முன்னெச்சரிக்கை. சுட்ட கூடுகளைத் தூக்கி எறிவதற்குமுன் அந்த இடத்தில் ஒரு பார்வை போதும். வளையம் இருந்தால் அந்தத் துப்பாக்கியின் இடைவெளியை அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நம் விவசாயி முந்தைய ஆறேழு கூடுகளைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருந்தார். மறுநாள் கொண்டுவந்தார்; எல்லாவற்றிலும் வளையம்.

இப்போது எடுக்கும் வழிகள். சுடாத தோட்டா அல்லது சுட்டதா இல்லையா என்ற சந்தேகம் என்றால், விதி ஒன்றே ஒன்று: வாய் ஆளில்லாத திக்கில் இருக்கட்டும், கையைக் குழல் வாய்க்கு முன்னால் கொண்டுபோகாதே. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திரு. மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு. முன்பக்கத்திலிருந்து கம்பி விட்டு இடிப்பதை இந்தக் கட்டத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. கைப்பிடி நிதானமான பலத்துக்கு இசையாவிட்டால் அது துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டியது, அதுவும் உள்ளே தோட்டா இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சொல்கிற விதத்தில்.

சுட்டபின் போல்ட் எழும்பவில்லையா? முதல் மருந்து பொறுமை, குழல் ஆறட்டும். பிறகு கைப்பிடியின் அடிப்பக்கத்தை, குமிழுக்கு அருகே அல்ல, தண்டுக்கு அருகே, மரச்சுத்தியல் அல்லது தோல் சுற்றிய கட்டையால் மேல்நோக்கித் தட்டலாம். இரும்புச் சுத்தியல் கூடாது. இக்கால ரைஃபிள்கள் சிலவற்றில், ரெமிங்டன் 700 போன்றவற்றில், கைப்பிடி தனியாகச் செய்து பற்றவைத்தது, கையோடு வந்துவிடும். துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றிக் காலால் உதைப்பது ஈப்ரில் செய்த வேலை. குழல் வாய் முகத்துக்கு நேரே நிற்கும் அந்த நிலையை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். இப்படி ஒரு தடவை இறுகிய பின் அதே கட்டுத் தோட்டாவில் இன்னொன்றைச் சுட்டுப் பார்ப்பதும் அசட்டுத்தனம். அழுத்தம் மிஞ்சியதா என்று தெரியாமல் அடுத்ததைப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு படியிறங்குவது.

கொக்கி வழுக்கிக் கூடு உள்ளே நின்றுவிட்டால், போல்ட்டைக் கழற்றி எடுத்து, கூடு காலி என்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்ட பிறகு, குழலுக்கு ஏறக்குறையப் பொருந்தும் பித்தளைக் கம்பியை வாய்வழி விட்டு மெல்லத் தட்டலாம். தட்டல்கள் சின்னவையாக, நிறைய. ஒல்லிக் கம்பி வேண்டாம், உள்ளே கோணலாக நின்று குழலின் வரிகளைக் கெடுக்கும். ஊடுருவும் எண்ணெயைக் கூட்டின் ஓரத்தில் விட்டு இரவு முழுக்க வைப்பது துருவால் பிடித்த கூட்டுக்கு உதவும், அழுத்தத்தால் இறுகியதற்கு அவ்வளவாக உதவாது. இடைவெளியே இல்லாத இடத்தில் எண்ணெய் எங்கே நுழையும்? உதவினாலும் உதவாவிட்டாலும் அடுத்த தோட்டாவுக்குமுன் எண்ணெய் முழுக்கத் துடைக்கப்பட வேண்டும்.

பனிக்கட்டி வைத்தியத்தைப் பலர் சொல்கிறார்கள், குளிர்ந்தால் பித்தளை எஃகைவிட அதிகம் சுருங்கும் என்று. உண்மைதான். ஒரு பாகைக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு என்றால் பித்தளை 20 பங்கு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மில்லிமீட்டர் கூட்டை 30 பாகை குளிரவைத்தால் கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. என் வீட்டு டம்ளரில் உள்ளுக்கும் வெளிக்கும் 60 பாகை வித்தியாசம், அகலமும் அதிகம், அதனால் இடைவெளி இருபது மடங்குக்கு மேல் கிடைக்கிறது. துப்பாக்கியில் கூடும் சேம்பரும் ஒட்டி நிற்பதால் இரண்டின் சூடும் சட்டென்று ஒன்றாகிவிடும். ஆகவே முதலில் சொன்ன உவமையில் வெந்நீரையும் தண்ணீரையும் விட்டுவிட்டு, திருகையும் பொறுமையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுந்த துண்டுக்குத் தனிக் கருவி இருக்கிறது. தோட்டா வடிவில் இருக்கும், நுனியில் விரியும் விரல்கள். அதைச் சேம்பரில் வைத்துப் போல்ட்டை மூடினால் விரல்கள் அறுந்த கூட்டின் வாயைத் தாண்டிப்போய் விரிந்து பிடிக்கும். போல்ட்டைத் திறந்தால் துண்டும் சேர்ந்து வரும். .303 புழங்கிய ஆயுதக் கிடங்குகளில் இது இல்லாமல் இருந்ததில்லை என்று சார் சொன்னார். கருவி இல்லாதவர்கள் ஓர் அளவு பெரிய வெண்கலப் பிரஷை உள்ளே செலுத்திப் பின்னால் இழுப்பதுண்டு, சில நேரம் வரும். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் பிஸ்மத் கலவையை ஊற்றி உறையவைத்துச் சேர்த்து எடுப்பதும், உள்ளே மரை போட்டு இழுப்பதும் கம்மியருக்கு உரியவை. தெரியாமல் அடுத்த தோட்டாவை அழுத்தி ஏற்றுவதுதான் மோசம். அது அறுந்த குழாய்க்குள் பாதி நுழைந்து நிற்கும், நான்காம் வகை சங்கடம் முதல் வகையாக மாறிவிடும்.

சேம்பரைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடலாம் என்று துளைபோடும் மெஷினும் உப்புத்தாளுமாக உட்காருகிறவர்களுக்கு இரண்டு பதில். குழி போகுமளவு தேய்த்தால் சேம்பர் அகன்று, கூடு இன்னும் ஊதி, இன்னும் இறுகும். இரண்டாவது, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் உற்பத்தி, விற்பனையோடு பழுதுபார்த்தலும் வருகிறது. அதற்கும் உரிமம் வேண்டும். சார் கடைசிவரை அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லாததன் காரணம் இதுதான். 

கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை வழங்கியபின், பரணில் கிடந்த துப்பாக்கிகள் வெளியே வந்திருக்கின்றன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றதால் இரண்டு தலைமுறைக்கு அவற்றைத் துடைக்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. துப்பாக்கியும் தோட்டாவும் தாத்தாவிடமிருந்து வந்தன, கொதிநீர் ஊற்றும் அறிவு மட்டும் வரவில்லை. அனுமதி கொடுக்கும் பஞ்சாயத்து உரிமத்தைப் பார்க்கிறது. சேம்பரைப் பார்க்கச் சொல்லவும் யாராவது வேண்டும்.

உரிமம் பெற்ற கம்மியர் விவசாயியின் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, அறுந்த துண்டை எடுத்துக்கொடுத்து, குழி ஆழமாக இருப்பதால் குழலை மாற்றாமல் சுடாதே என்று எழுதியே கொடுத்துவிட்டாராம். பன்றி மரச்சீனியைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓணத்துக்கு முந்தின வாரம் விவசாயி மறுபடி வந்தார். இம்முறை பொட்டலம் இல்லை, கிழங்கு ஒரு சாக்கு. போகும்போது வாசற்படியில் நின்று, ஈரத்தை உறிஞ்சுமே அந்த மணி மணியாக ஒன்று, மருந்து டப்பாவுக்குள் இருக்குமே, அது கிலோக்கணக்கில் சாலைக் கடைத்தெருவில் கிடைக்குமா என்று கேட்டார்.